மூச்சு நின்றால்தான் மரணமா?

மும்பையில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு நீளப் பெஞ்சு கிடக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு மூன்று பேராவது தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே அடிக்கடி காதில் விழும் டெலிபோன் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணே, டாக்டர் கூப்பிட்டுப் பேசினாரு. அப்பாவுக்கு மூளை வேலை செய்யவே இல்லியாம். மிஷினை எடுத்துடலாமான்னு கேக்காரு. கையெழுத்துப் போடணுமாம்."

"ஏல, அவசரப்படாத. மூச்சு இருக்குல்லா?"

"மிஷின்தான் மூச்சு விடுது, அண்ணே."

"கோயில்ல சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நாளைக்குப் பாவமாயிரப் போவுது."

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நெல்லைச் சீமையிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் பிழைப்புக்காக வந்த எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்தப் பேச்சைப் பேசியிருக்கின்றன. ஊரில் இருக்கும் மூத்தவருக்குப் பாவத்தைப் பற்றிய பயம். இங்கே இருக்கும் இளையவருக்கு அந்தப் பயத்தோடு ஆஸ்பத்திரி பில்லைப் பற்றிய பயமும் சேர்ந்துகொள்கிறது. அதைச் சொல்லவும் அவருக்குக் கூச்சம். பணத்துக்காக அப்பாவைக் கொன்றுவிட்டான் என்று ஊர் பேசுமோ என்ற நினைப்பு.

உயிரைக் கொடுத்தவர் கடவுள், எடுக்க வேண்டியவரும் அவரே என்பது கிறிஸ்தவனின் நம்பிக்கை. மரணம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாத காலத்தில் இந்த நம்பிக்கைக்குச் சிக்கலும் இல்லை. மூக்கருகே கண்ணாடியைப் பிடிப்பார்கள், நாடியைப் பார்ப்பார்கள். மூச்சு நின்றது, இருதயம் நின்றது, கதை முடிந்தது. இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்து, மூளை செத்த பிறகும் மூச்சை ஓட்ட முடியும் என்று காட்டியது இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானம். அப்போதுதான், ஆன்மா எந்த நிமிஷத்தில் உடலை விட்டுப் போகிறது என்ற பழைய கேள்வி ஆஸ்பத்திரி வார்டுக்குள் வந்து நின்றது.

ஆயிரத்தைந்நூறு மாணவர்களின் கைகள்

1952-ல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. நோய் மூச்சுத் தசைகளைத் தாக்கியதால் குழந்தைகள் திணறித் திணறி இறந்தார்கள். அந்நகரின் பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சு யந்திரங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே இருந்தன. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளை போட்டுக் குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்துவது. அவ்வாண்டு ஆகஸ்டில் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதலில் செய்து பார்த்தார், அவள் பிழைத்தாள். பிறகு சுமார் 1500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் படுக்கையருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த சாவு பாதிக்கும் கீழே இறங்கியது.

இன்று நாம் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று சொல்வது அங்கே பிறந்தது. மாணவர்களின் கைகளுக்குப் பதில் யந்திரம் வந்தது. கூடவே, யாரும் எதிர்பாராத ஒரு நிலைமையும் வந்தது. தலையில் அடிபட்டவரையும் மூளையில் ரத்தம் கசிந்தவரையும் யந்திரத்தில் வைத்தார்கள். சிலர் கண் விழித்தார்கள். சிலர் விழிக்கவும் இல்லை, சாகவும் இல்லை. மார்பு ஏறி இறங்கியது, உடம்பில் சூடு இருந்தது, ஆனால் மூளையில் எந்த அசைவும் இல்லை. 1959-ல் பிரெஞ்சு டாக்டர்கள் மோலாரேயும் கூலோனும் இந்த நிலையை 'மயக்கத்துக்கும் அப்பாற்பட்ட நிலை' என்று பெயரிட்டு எழுதினார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே இந்தக் கேள்வி வாட்டிகனுக்குப் போய்விட்டது.

போப்பாண்டவர் சொன்ன பதில்

ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் நகர ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பகுதிக்குத் தலைவராக இருந்த டாக்டர் புரூனோ ஹைட் மூன்று கேள்விகளை எழுதிப் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸுக்கு அனுப்பினார். நம்பிக்கையில்லாத நிலையிலும் யந்திரத்தைப் பொருத்தியே தீர வேண்டுமா? பல நாள் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் எடுத்துவிடலாமா, எடுப்பதற்குமுன் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கலாமா? அப்படிக் கிடப்பவர் உண்மையில் உயிரோடிருப்பவரா, இறந்தவரா?

இரண்டாவது கேள்வி நமக்குச் சிறியதாகத் தோன்றலாம். கத்தோலிக்கருக்கு அது பெரியது. அந்தத் திருவருட்சாதனம் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டுமே. பிணத்துக்கு எண்ணெய் பூசுவதில்லை. ஆகவே டாக்டர் தவிர்க்க முயலும் கேள்வியைச் சாமியார் தவிர்க்க முடியாது. பூசுவதற்கு முன், 'இவர் இருக்கிறாரா?' என்று அவர் கேட்டே ஆக வேண்டும்.

1957 நவம்பர் 24-ம் தேதி போப்பாண்டவர் டாக்டர்கள் கூட்டத்தில் பதில் சொன்னார். உயிரைக் காக்கும் கடமை உண்டு, ஆனால் சாதாரண வழிகளை மட்டும் கையாண்டால் போதும். நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ பெரும் பாரமாக அமையும் வழிகளுக்குக் கட்டாயம் இல்லை. யந்திரத்தை நிறுத்தக் குடும்பத்தார் கேட்கலாம், டாக்டர் இணங்கலாம், அது தற்கொலைக்கோ கொலைக்கோ துணை போவது ஆகாது. பூசுதலை யந்திரத்தை எடுப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு அவர் தந்த பதில்தான் பலரையும் வியக்க வைத்தது. மரணம் நிகழும் நிமிஷத்தைத் தீர்மானிப்பது திருச்சபையின் அதிகாரத்துக்குள் வராது, அதைத் தெளிவாக வரையறுக்க வேண்டியவர் டாக்டர் என்று சொல்லிவிட்டார். கலிலியோவை மண்டியிட வைத்த சபையின் தலைவர், 'இது என் இலாகா அல்ல' என்று ஒப்புக்கொண்டார்! விஞ்ஞானத்துக்கு முன்னால் மதம் பின்வாங்கியது என்று சிலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடல் எப்போது நிற்கிறது என்பதை டாக்டரிடம் விட்டவர், நின்று கொண்டிருக்கும் உடலை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

கோழிக்கறி வாங்க வேண்டிய கடமை உண்டா?

'சாதாரண வழி', 'அசாதாரண வழி' என்ற பிரிவை போப்பாண்டவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் பிறந்தது. பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற டொமினிக்கன் சபைத் துறவி, நோயாளி உயிர் பிழைக்க எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஆராய்ந்தார். டாக்டர் கோழிக்கறி சாப்பிடச் சொல்கிறார், ஏழைக்கு அது கட்டாயமா? இல்லை என்றார். நல்ல காற்றுள்ள ஊருக்குக் குடிபோனால் ஆயுள் கூடும் என்றால் போகத்தான் வேண்டுமா? அதுவும் தேவையில்லை. (ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் நமக்கு இது ஆறுதலான செய்தி.) காலை வெட்டினால் பிழைக்கலாம் என்ற நிலையில், வலி தாங்காதவன் மறுத்தால் அது தற்கொலை ஆகாது என்று அந்த வழியில் வந்த அறிஞர்கள் சொன்னார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ரம்பத்தால் அறுப்பார்கள்.

1846-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று காட்டினார். பிறகு கிருமி நாசினிகள் வந்தன. காலை எடுப்பது அசாதாரண வழி என்ற நிலை மெல்ல மறைந்து, இன்று அது சாதாரண ஆபரேஷன் ஆகிவிட்டது. விதி மாறவில்லை, விதிக்குள் அடங்கும் பொருள் மாறியது. விஞ்ஞானம் கிறிஸ்தவ ஒழுக்க நெறியை உருமாற்றுவது பெரும்பாலும் இந்த விதத்தில்தான் என்று நினைக்கிறேன். பிரசங்க மேடையில் நடக்கும் சண்டைகளைவிட இந்த மௌனமான நகர்வுதான் ஆழமானது.

பணத்தைப் பற்றியும் வாட்டிகன் பேசாமல் இல்லை. 1980-ல் வெளியிட்ட கருணைக் கொலை பற்றிய அறிக்கையில், குடும்பத்தின்மேல் அளவுக்கு மீறிய செலவைச் சுமத்த விரும்பாமல் ஒரு சிகிச்சையை மறுப்பது தற்கொலைக்குச் சமம் ஆகாது என்று எழுதியிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தம்பி இதை அறிந்திருந்தால் அத்தனை கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் இதே அறிக்கை உயிரை வேண்டுமென்றே போக்குவதை அடியோடு மறுக்கிறது. ஊசி போட்டுக் கொல்வது வேறு, வீண் சிகிச்சையை நிறுத்துவது வேறு. இந்தக் கோட்டில் கத்தோலிக்க சபை இன்று வரை அசையவில்லை.

இன்னொருவரின் இருதயம்

1967 டிசம்பர் 3-ம் தேதி தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு ஒருவரின் இருதயத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தினார். அவர் ஒரு பாதிரியாரின் மகன். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். நம் பம்பாயும் பின்தங்கவில்லை. 1968 பிப்ரவரியில் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சென் இருதய மாற்று ஆபரேஷன் செய்தார். நோயாளி சில மணி நேரமே உயிரோடிருந்தார் என்றாலும் உலகில் இதை முதலில் முயன்ற ஒரு சிலரில் அவரும் ஒருவர்.

துடிக்கும் இருதயத்தை எடுக்க வேண்டுமானால், அதற்கு உடையவர் இறந்துவிட்டார் என்று யாராவது சொல்ல வேண்டும். 1968 ஆகஸ்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, மூளை முழுவதும் மீளாதபடி செயலிழந்தால் அதையே மரணமாகக் கொள்ளலாம் என்று அறிக்கை வெளியிட்டது. தங்களுக்குத் துணையாக அவர்கள் எடுத்துக்காட்டியது யாரை? பன்னிரண்டாம் பயஸ் 1957-ல் சொன்ன பதிலைத்தான்!

2000 ஆகஸ்டில் ரோமில் கூடிய உறுப்பு மாற்று டாக்டர்கள் மாநாட்டில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கண்டிப்பாகப் பரிசோதித்து உறுதி செய்யப்பட்ட மூளைச் சாவு கிறிஸ்தவக் கொள்கைக்கு மாறானதாகத் தெரியவில்லை என்றார். உறுப்பு தானம் அன்பின் செயல் என்று பாராட்டினார். அதோடு எல்லோரும் வாய் மூடிவிடவில்லை. ஆலன் ஷூமன் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டர், தாமே கத்தோலிக்கர், மூளை செத்ததாகச் சொல்லப்பட்டும் வாரக்கணக்கில், சிலர் அதற்கு மேலும், இருதயம் துடித்துக்கொண்டிருந்தவர்களின் விவரங்களை 1998-ல் வெளியிட்டார். 2008-ல் வாட்டிகன் பத்திரிகையிலேயே மூளைச் சாவைச் சந்தேகித்து ஒரு கட்டுரை வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் சபையின் பொதுவான நிலை தானத்துக்கு ஆதரவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. பதினாறாம் பெனடிக்ட் போப்பாண்டவர் ஆவதற்குப் பல வருஷம் முன்பே உறுப்பு தான அட்டை வைத்திருந்தார். 2011-ல் ஒரு டாக்டர் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தபோது, போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்றே அந்த அட்டை செல்லாமல் போய்விட்டது என்று அவருடைய செயலாளர் எழுத வேண்டி வந்தது. போப்பாண்டவரின் உடல் சபை முழுவதற்கும் சொந்தமாம்.

நம் மக்களிடம் உள்ள தயக்கம் வேறு விதமானது. "கண்ணையும் சிறுநீரகத்தையும் எடுத்துட்டா, கடைசி நாள்ல எப்படி எழும்புவாரு?" என்று பாட்டிமார் கேட்பார்கள். சிரிக்க வேண்டாம். மிகப் பெரிய மூளைகள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. சிங்கத்துக்கு இரையானவர்கள், தீயில் எரிந்தவர்கள், ஏன், மனிதரே தின்றுவிட்டவர்களின் உடல்கூட எப்படி உயிர்த்தெழும் என்று புனித அகஸ்டின் தம் பெருநூலின் கடைசிப் பாகத்தில் ஆராய்கிறார். இழந்ததைத் திருப்பித் தர கடவுளால் முடியும் என்பதே அவர் முடிவு. புனித பவுல் விதையையும் பயிரையும் உவமை காட்டினார். உடலை எரிப்பதைக் கத்தோலிக்க சபை 1886-ல் தடுத்தது, 1963-ல் அனுமதித்தது. கல்லறைத் தோட்டங்களில் இட நெருக்கடி உள்ள மும்பையில் இந்த அனுமதியின் அருமை தெரியும்.

யந்திரம் நின்றது, அவள் சாகவில்லை

இனி, எல்லாக் கணக்கையும் பொய்யாக்கிய ஒரு பெண்ணின் கதை. 1975-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் மயங்கி விழுந்தாள், நினைவு திரும்பவில்லை. கவனிக்க வேண்டியது, அவளுக்கு மூளைச் சாவு அல்ல. மூளையின் அடிப்பகுதி வேலை செய்தது, நினைவுதான் இல்லை. பெற்றோர் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் 1957 பதிலைச் சுட்டிக்காட்டினார். டாக்டர்கள் யந்திரத்தை நிறுத்த மறுத்ததால் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 1976 மார்ச் 31-ல் மாநில சுப்ரீம் கோர்ட் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பிலேயே போப்பாண்டவரின் உரை பேசப்பட்டது.

யந்திரத்தை எடுத்தார்கள். அவள் தானாக மூச்சு விட்டாள். உணவுக் குழாயை எடுக்கப் பெற்றோர் கேட்கவே இல்லை. தகப்பனார் மகளைத் தவறாமல் போய்ப் பார்த்து வந்தார். ஒன்பது வருஷம் அப்படியே இருந்து 1985 ஜூனில் நிமோனியாவில் இறந்தாள்.

உணவுக் குழாய் சிகிச்சையா, சாப்பாடா? இந்தக் கேள்வியில் சபைக்குள் கருத்து வேறுபாடு நீண்ட காலம் இருந்தது. 2004 மார்ச்சில் இரண்டாம் ஜான் பால், நினைவற்றுக் கிடப்பவருக்கும் உணவும் நீரும் கொடுப்பது பொதுவாகக் கடமையே என்றார். மறு வருஷம் அவருக்கே மூக்கு வழியாகக் குழாய் பொருத்தினார்கள். அந்தக் கடைசி நாட்களில் மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், தம் அறையிலேயே 2005 ஏப்ரல் 2-ம் தேதி கண் மூடினார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருந்தால் இன்னும் சில நாள் இழுத்திருக்கலாமோ என்னவோ.

நம் ஊர் வழக்கை மறக்க முடியுமா? அதே கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் ஒரு வார்டு பாயின் கொடுமைக்கு ஆளாகி மூளை பாதிக்கப்பட்டார். சுமார் 42 வருஷம் நாலாம் வார்டில் கிடந்தார். அவரை விடுவிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி மனுப் போட்டபோது, எதிர்த்தவர்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள். தலைமுறை மாறியும் ஊட்டியும் குளிப்பாட்டியும் பார்த்தவர்கள் அவர்கள். 2011 மார்ச் 7-ல் சுப்ரீம் கோர்ட் மனுவைத் தள்ளியது. ஆனால் வேறு வழக்குகளில் ஹைகோர்ட் அனுமதியுடன் சிகிச்சையை நிறுத்தலாம் என்று வழி திறந்தது. அருணா 2015 மே 18-ல் இறந்தார். சுமை எது, அன்பு எது என்று வெளியிலிருந்து அளக்க முயல்பவர்களை அந்த நர்ஸுகளின் நினைவு கொஞ்சம் தயங்க வைக்கும்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "ஆண்டவர் சிலுவையில் பட்டதில் இது எத்தனை பங்கு?" என்று சொல்லி, புற்றுநோய்க்காரருக்கு மார்பின் வேண்டாம் என்று தடுக்கும் உறவினர்கள் உண்டு. நோயாளி தாமே அப்படி விரும்பினால் அது அவர் தவம். அடுத்தவர் அவருக்காக விரும்ப முடியாது. வலியைத் தணிக்கவே கொடுக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கலாம் என்று தெரிந்தாலும், வேறு வழியில்லாதபோது கொடுக்கலாம் என்று பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். நம் நாட்டில் இதற்குத் தடையாக நின்றது மதம் அல்ல, 1985-ம் வருஷத்து போதைப் பொருள் சட்டம். கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்பின் வைப்பதையே விட்டன. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

கையெழுத்துக்கு முன்

டாக்டர் 'மூளை வேலை செய்யவில்லை' என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, மூளைச் சாவா, மீளாத மயக்கமா என்பதே. இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கேரன் குவின்லன் கதையில் பார்த்தோம். மூளைத்தண்டு மரணத்துக்கு 1994-ம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டத்தில் முறை இருக்கிறது. நான்கு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும், ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு தடவை பரிசோதிக்க வேண்டும். அதன் பிறகு தானம் செய்வதும் செய்யாததும் குடும்பத்தார் விருப்பம். 2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியர் விபத்தில் சிக்கிய தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தது தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது நினைவிருக்கும்.

மற்ற நிலைகளுக்கு 2018 மார்ச் 9-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வழி காட்டுகிறது. பிழைக்க வழியில்லாத நிலையில் உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம், இதை ஒருவர் முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். இந்தியக் கிறிஸ்தவ சபைகளில் இந்தத் தீர்ப்பைக் கண்டு கவலைப்பட்டவர்கள் உண்டு. ஏழைகளையும் கிழவர்களையும் கழித்துக்கட்ட இது சாக்காகிவிடுமோ என்பது அவர்கள் அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனால் தீர்ப்புக்கு நாலு மாதம் முன்பு, 2017 நவம்பரில், போப்பாண்டவர் பிரான்சிஸ் எழுதிய கடிதம் ஒன்று அறுபது வருஷத்துக்கு முந்திய அந்தப் பதிலையே நினைவூட்டி, வீண் சிகிச்சையை நிறுத்துவது கருணைக் கொலை அல்ல என்று சொல்லியிருந்தது. விதிகள் நடைமுறைக்கு ஒவ்வாதபடி கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் கோர்ட் எளிதாக்கியது. உயிலில் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட்டால் போதும். ஆஸ்பத்திரியில் மூன்று மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்த்து, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். இதை எழுதி வைக்க வக்கீலுக்குப் பெரும் தொகை கொடுக்க வேண்டியதில்லை.

புராட்டஸ்டண்டு சபைகளில் போப்பாண்டவர் போல ஒரே குரல் கிடையாது. ஐயரிடம் ஜெபிக்கச் சொல்லி, வீட்டார் மனச்சாட்சிப்படி முடிவு செய்வார்கள். நடைமுறையில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்.

கத்தோலிக்கர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாமியாரை அழைப்பது யந்திரத்தை நிறுத்துவதற்கு முன்பு இருக்கட்டும், பிறகு அல்ல. உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் பூசுதலைக் கொடுக்கலாம் என்று 1983-ம் வருஷத்துச் சபைச் சட்டம் சொல்கிறது. தமிழ்ப் பூசை நடக்கும் கோயில்கள் மும்பையில் பல உண்டு. பங்கின் டெலிபோன் நம்பரை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவரை விட நர்ஸிடம் சொல்லிவைத்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.